ஜூன் ஒன்பதாம் திகதி போட்ட ஊசி

"2015 ஜூன் 9, செவ்வாய். காலை எட்டுப் பத்துக்கு அம்பிட்டியவில் பஸ். மெல்லிய மழை. டவுன் கிளினிக்கில் முப்பத்தைந்து நிமிடம் காத்திருப்பு. எமக்கு முன்னால் மக்காவுக்கு உம்றா யாத்திரை போகும் அக்குறணைத் தம்பதியர். கணவருக்கு ஊசி என்றால் பயம், மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதே காலுக்கு மகனுக்கு மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசி, இடது கை. டொக்டர் சொன்ன பகிடி: ஹொஸ்டலில் நாலு பேர் ஒரே கோப்பையில் குடிப்பார்கள், அதற்குத்தான் இந்த ஊசி. திரும்பும்போது மகன் இரண்டு பெட்டிஸ் சாப்பிட்டான்."

இது என் நாட்குறிப்பில் உள்ளபடி. மகன் படிப்புக்காக அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படுவதற்கு ஐந்து வாரம் முன்பு எழுதியது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு இந்தப் பத்து வரிகளை நான் ஒரே வாரத்தில் இருபது தடவையாவது படித்திருப்பேன். மழை இருக்கிறது. பஸ் நேரம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரின் பயம்கூட இருக்கிறது. போட்ட ஊசியின் பெயர் இல்லை.

அது தேவைப்படும் என்று 2024 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை தெரியவந்தது. பத்திரிகைத் துணுக்குகளின் பின்பக்கத்தில் திகதி எழுதிக்கொண்டிருந்தேன். மகனிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

"அப்பா, சின்ன விசயம். நான் வெளிக்கிட முன்னம் கண்டியில போட்ட மெனிஞ்சைட்டிஸ் ஊசி என்ன வகை? நாலு வகைக்குமான ஊசியா, பி வகையா? எனக்குத் தந்த கார்டு வீடு மாறேக்க துலைஞ்சுது. உங்கட டயரியில கட்டாயம் இருக்கும். ஒரு ஆய்வில சேரப் போறன். பதினெட்டாம் திகதிக்கு முன்னம் சொல்லோணும்."

கட்டாயம் இருக்கும் என்ற சொல் எனக்குப் பெருமையாக இருந்தது. அலுமாரியைத் திறந்து 2015ஐ எடுத்தேன். பெருமை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பெயர் இல்லை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், நேரம் வாங்குவதற்காக ஒரு கேள்வி கேட்டேன்.

"என்ன ஆய்வு? தாளை அனுப்பு."

இது என் பழக்கம். முப்பத்தொரு வருடம் பதிவாளர் அலுவலகத்தில் பிறப்பு, இறப்பு, விவாகப் பிரிவில் இருந்தவன் நான். யார் எதைச் சொன்னாலும் தாள் எங்கே என்று கேட்பேன். மகன் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னபோதும் கேட்டிருக்கிறேன்.

நீலக் குறி இரண்டும் விழுந்தன. பதில் வரவில்லை. அன்று வரவில்லை, திங்கள் வரவில்லை. செவ்வாய் பகல் ஒன்று இருபதுக்குப் பதினொரு பக்கத் தாள் வந்தது. அதன் கீழே ஒரு வரி: "வாசியுங்கோ அப்பா. முழுக்க வாசியுங்கோ."

வாசித்தேன். மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்க ஏற்கெனவே பாவனையில் உள்ள பி வகைத் தடுப்பூசி கொணோரியா என்ற பாலியல் தொற்றையும் தடுக்குமா என்று பார்க்கும் ஆய்வு அது. இரண்டு நோய்க் கிருமிகளும் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு எதிராக உடம்பு கற்றுக்கொண்டது மற்றதுக்கும் உதவலாம். சேர்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையான ஊசி, மற்றவர்களுக்கு உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. மூன்று பக்கம் வரை என்னால் இயல்பாக வாசிக்க முடிந்தது.

நாலாம் பக்கத்தில் யார் சேரலாம் என்று இருந்தது. ஆண்களோடு உறவுள்ள ஆண்கள். அண்மைக் காலத்தில் இப்படியான தொற்று ஒன்று வந்து குணமானவர்கள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். எழுத்து மாறவில்லை.

அதே பக்கத்தின் அடியில் யார் சேர முடியாது என்றும் இருந்தது. பி வகை ஊசியை முன்னரே போட்டுக்கொண்டதற்கு எழுத்தில் ஆதாரம் உள்ளவர்கள் சேர முடியாது. ஆதாரம் இல்லாவிட்டால் போடவில்லை என்றே கொள்ளப்படும்.

மகனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கலியாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் வேலை, வாடகை, குளிர் என்று எதையாவது சொல்லித் தட்டிக் கழித்துவந்தான். நானும் அவற்றை ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். அவன் இப்போது என்னிடம் ஒரு விடயத்தைச் சொல்லியிருந்தான். நான் தாள் கேட்டதால் தாளில் சொல்லியிருந்தான்.

அந்த வாரம் நான் ஓரிடத்தில் இருக்கவில்லை. வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு மறந்து, ஆறிய பின் இன்னொன்று ஊற்றுவேன். அந்த ஊசியைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில நாடுகளில் அதைப் போட்டுக்கொண்டவர்களிடையே இந்தத் தொற்று குறைவாக இருந்திருக்கிறது. நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு பெரிய பயன் தெரியவில்லை என்றது. முடிவு இன்னும் வராத ஆய்வுகளும் இருந்தன. ஒன்றை மற்றது மறுக்கும் கட்டுரைகளைப் படிப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. நாலாம் பக்கத்தைத் திரும்பப் பார்ப்பதிலும் அது இலகு.

மனைவியிடம் சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. முன்னறையில் பிள்ளைகளுக்கு ரியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். "மகன் பழைய ஊசி ஒண்டின்ர விபரம் கேட்டிருக்கிறான், தேடிக்கொண்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை டவுனுக்குப் போனேன்.

கிளினிக் இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கும் கடை. டொக்டர் காலமாகி நாலு வருடம் ஆகிவிட்டது என்று பக்கத்துத் தையற்கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். அங்கே மருந்து கொடுத்த அம்மா இப்போது பிலிமத்தலாவையில் ஒரு பாமசியில் நிற்பதாகவும் சொன்னார். சனிக்கிழமை, 16ஆம் திகதி, அந்த வழியால் போகும் கடுகண்ணாவை பஸ்ஸில் ஏறினேன்.

பித்தளைச் சாமான் கடைகளைத் தாண்டி இறங்கினால் எதிரிலேயே பாமசி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. நான் வாயைத் திறக்குமுன் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க ஐயா! பதிவு ஆபிஸ் நோட்டு ஐயாதானே? ஒக்காருங்க, கதிரைய இழுத்துக்கங்க."

"நோட்டு ஐயாவோ?"

"டொக்டரு வச்ச பேருங்க. மகனுக்கு ஊசி போட்டன்னைக்கி நீங்க மணிக்கூட்டப் பாத்துப் பாத்து எழுதிக்கிட்டே இருந்தீங்க. நீங்க போனப்பறம் டொக்டரு சிரிச்சாரு. 'புள்ளைக்கு வலிக்குதான்னு பாக்காம மனுசன் நேரத்த எழுதுறாரே'ன்னாரு."

நானும் சிரித்தேன். ஒன்பதே கால் என்று எழுதிய கணத்தில்தான் பெட்டி திறக்கப்பட்டிருக்க வேண்டும். மருந்துக் குப்பி மேசையில் இருந்திருக்க வேண்டும். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விடயத்தைச் சொன்னேன். ஆய்வு எதைப் பற்றியது என்பதைச் சொல்லவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"பிரிட்ஜ்ல மேல் தட்டு பூரா உம்றா, ஹஜ்ஜுக்குப் போறவங்களோடதுங்க. அது நாலு வகைக்குமானது. கீழ்த் தட்டுல வேற ஒண்ணு ரெண்டு மூணு பெட்டி இருந்துச்சு. வெளிநாட்டுக்குப் படிக்கப் போற புள்ளைங்களுக்குன்னு கொழும்புல சொல்லித் தருவிச்சாரு. அது பி-யா என்னன்னு எனக்கு இப்பச் சொல்லத் தெரியாதுங்க. மகனுக்கு மேல் தட்டா, கீழ்த் தட்டான்னும் யாபகம் இல்ல."

"றெஜிஸ்டர் இருந்ததே?"

"இருந்துச்சு. குப்பியில உள்ள ஸ்டிக்கர உரிச்சு ஒண்ண கார்டுல ஒட்டுவோம், ஒண்ண றெஜிஸ்டர்ல ஒட்டுவோம். மூடுனப்ப டொக்டரோட வீட்டம்மா எல்லாத்தயும் பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்க."

நான் எழுந்தேன். அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"டொக்டரோட சீலு மட்டும் எங்கிட்ட இருக்குங்க ஐயா. தூக்கிப் போட மனசு வரல. விசாவுக்குன்னு அலையுற புள்ளைங்களுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுக்கிறதுதான். ஐயாவுக்கு எப்படி வேணும்? போட்டதுன்னா, போடலன்னா?"

"அது எப்பிடி அம்மா? தெரியாததை எப்பிடி எழுதிறது?"

"நல்லாருக்கே! எங்கம்மாவுக்குத் தோட்டத்துல பொறந்த பதிவே இல்ல. பல்லப் பாத்து, மூஞ்சியப் பாத்து, அனுமான வயசுன்னு ஒங்க ஆபிஸ்காரங்கதான் சர்ட்டிபிகேட் குடுத்தாங்க. கவுருமெண்டு அனுமானிச்சா சர்ட்டிபிகேட்டு, நாங்க அனுமானிச்சா பொய்யா?"

அனுமான வயதுச் சான்றிதழ்கள் ஆயிரக்கணக்கில் என் கையால் போயிருக்கின்றன. ஆனால் அவற்றில் அனுமானம் என்று தலையிலேயே அச்சடித்திருக்கும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதிரையில் திரும்ப உட்கார்ந்தேன்.

"போட்டதெண்டு எழுதுங்கோ. பி வகை எண்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் பிள்ளையின் உடம்பில் ஏதோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்ற பயம் ஒரு சிறு பகுதி. மீதி வேறு. சேரத் தகுதியில்லை என்று ஒரு தாள் அவனுக்கு வந்துவிட்டால், நாலாம் பக்கத்தில் எழுதியிருந்த எதுவுமே அவனுக்குப் பொருந்தாது என்று ஆகிவிடும் போல எனக்குத் தோன்றியது. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தால், அதில் எழுதியிருந்தது எதுவும் எங்கள் புத்தகங்களில் இருக்காது. அந்தப் பழக்கமாக இருக்கலாம்.

அவர் டொக்டரின் பழைய தாள் ஒன்றில் ஆங்கிலத்தில் எழுதினார், முத்திரை குத்தினார். நான் வாங்கிப் பார்த்தேன். திகதி ஜூன் 10 என்று இருந்தது.

"பத்து இல்லை அம்மா, ஒன்பது. செவ்வாய்க்கிழமை."

அவர் புதுத் தாளில் மறுபடி எழுதித் தந்தார்.

பேராதனைப் பாலத்தில் வாகன நெரிசல். சேட்டுப் பையிலிருந்த துண்டை அந்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் அதை லொத்தர் சீட்டு என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் எட்டிப் பார்த்தார். மை நிறம் வித்தியாசம் என்று நான் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்ற நினைப்பு வந்தது. ஜன்னலைத் திறந்தேன், தூசி வந்தது, மூடினேன், மறுபடி திறந்தேன். வீட்டுக்கு வந்து றெஜிஸ்டருக்கு நேர்ந்ததை மனைவியிடம் சொன்னேன். துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. படம் எடுத்து அனுப்புவதை மறுநாளுக்கு ஒத்திவைத்தேன்.

ஞாயிறு காலை வெளிச்சத்தில் துண்டை மேசையில் நிமிர்த்தி வைத்துக் கைபேசியை எடுத்தபோது மனைவி வந்துவிட்டார்.

"இதென்ன துண்டு?"

"மகன் கேட்ட விபரம்."

எடுத்து வாசித்தார். பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"றெஜிஸ்டர் பழைய பேப்பருக்குப் போட்டுது எண்டு நேற்றுத்தானே வந்து சொன்னனீங்கள்? டொக்டரும் இல்லை. பிறகு இந்த விடை எங்கால வந்தது? வழியைக் காணேல்ல."

அவர் கதிரையை இழுத்து எதிரே இருந்தார்.

"தாள் அனுப்பினவனோ?"

"உமக்கு..."

"எனக்கு மூண்டு வருசமாத் தெரியும்."

"மூண்டு வருசமா? எப்ப சொன்னவன்? எந்த மாசம்?"

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பாத்தீங்களே? இதுக்குத்தான் உங்களுக்குச் சொல்லேல்ல. 'அப்பா திகதி போட்டு எழுதி வைப்பார் அம்மா, பிறகு அது அழியாது' எண்டு சொன்னவன்."

நாற்பத்திரண்டு நாட்குறிப்புகள் அந்த அலுமாரியில் இருக்கின்றன. அவற்றைக் கண்டு ஒருவர் பயப்படக்கூடும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"போன வருசம் அவனுக்கு அந்த வருத்தம் வந்தது" என்றார் மனைவி. "முதல் குடுத்த மருந்து கேக்கேல்ல. மாத்திக் குடுத்துத்தான் சுகம் வந்தது. அந்தப் பயத்திலதான் இதுக்குப் போறான். தனக்கு உப்புத்தண்ணி கிடைச்சாலும் பறவாயில்லை, பிறகு வாறவைக்காவது உதவட்டும் எண்டான். நீங்கள் இதை அனுப்பினா அவன் மறுபேச்சுப் பேசாமல் விலகியிடுவான். உங்கட எழுத்தை அவன் அவ்வளவு நம்புறான்."

துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் வந்து நின்ற பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கப் போனார்.

பிழையாகப் பதியப்பட்ட பத்திரத்தைக் கிழிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. சிவப்பு மையால் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் இரத்து என்று எழுதி, ஒப்பமும் திகதியும் இட வேண்டும். அப்படியே செய்தேன். பிறகு 2015இன் அந்தப் பக்கத்தையும், கோடு போட்டு வெட்டிய துண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "ஊசியின் பெயரை நான் குறிக்கவில்லை. கிளினிக்கில் இரண்டு வகை இருந்திருக்கிறது. உனக்கு எது என்று தெரியாது. எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டாவது படத்தில் உள்ளது செல்லாது."

பதினைந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"அப்பா, இந்த வெட்டின துண்டு என்ன?"

"நான் எழுதுவிச்ச பொய்."

"பி எண்டு இருந்தா நான் சேர ஏலாது எண்டு தெரிஞ்சுதானே?"

"ஓம்."

அங்கே டிராம் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது.

"அப்ப ஏன் வெட்டினீங்கள்?"

சொல்ல நிறைய இருந்தது. வாயில் வந்தது வேறு. "அதில திகதி மட்டும்தான் சரி."

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு நடுவில் உடைந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டான்.

"தாளை முழுக்க வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சன். நாலாம் பக்கத்தை நிறையத் தரம்."

"டயரியில எழுதிப்போட்டீங்களோ?"

"இல்லை. தாள் வந்த பன்ரெண்டாம் திகதிப் பக்கம் இன்னும் வெறுமைதான்."

"எழுதுங்கோ" என்றான். "பேர் போடாதேங்கோ. ஒருத்தற்ற பேரும் போடாதேங்கோ."

அதனால்தான் இதில் யாருடைய பெயரும் இல்லை.

ஆய்வுக்காரர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆதாரம் இல்லாததால் போடவில்லை என்று கொண்டார்கள். முதல் ஊசி ஏப்ரல் 4, வியாழக்கிழமை. அன்று காலை முழுவதும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். மனைவி, "இஞ்சருங்கோ, நிலம் தேயப்போகுது" என்றார். அவன் அழைத்தபோது, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற கேள்விதான் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வலிச்சுதோ?"

"கொஞ்சம் வலிக்குது அப்பா. கையைத் தூக்க ஏலாமல் இருக்கு."

"எந்தக் கை?"

"இடது."

அவன் நல்ல மனநிலையில் இருந்தான். வலி உண்மையான ஊசியின் அடையாளமாக இருக்கலாம், வெறும் தசை நோவாகவும் இருக்கலாம் என்று தாதி சொன்னாராம்.

அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "2024 ஏப்ரல் 4, வியாழன். மகனுக்கு ஊசி, இடது கை. வலி உண்டு. உள்ளே இருந்தது மருந்தா, உப்புத்தண்ணீரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை." அதன் கீழ் அதே பேனையால் இன்னொரு வரி: "2015 ஜூன் 9ஆம் திகதி போட்டது எந்த வகை என்பதும் உறுதிப்படுத்தப்படவில்லை." இதை எழுதும் இன்றுவரை இரண்டும் அப்படியே இருக்கின்றன.